தனியாக ஆபீஸ் வைத்து நடத்தும் பெண் துப்பறிவாளர் நாவல்கள்: எதில் தொடங்கலாம்?

நள்ளிரவு வாசகி:

பாக்கெட் நாவல் படித்து வளர்ந்தவள் நான். பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி, விவேக்–ரூபலா எல்லாரும் வீட்டு மனிதர்கள் மாதிரி. ஆனால் இப்போது யோசித்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது, எல்லாமே ஜோடி. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்கள் எனக்கு இன்னமும் பிடிக்கும், வைஜயந்திக்கு மூளை கொஞ்சமும் குறைவில்லை, இருந்தாலும் கதவில் தன் பெயரை மட்டும் எழுதி மாட்டிக்கொண்டு, தானே கேஸ் பிடித்து, தானே ஃபீஸ் பேசி, அடி விழுந்தால் அதையும் தானே வாங்கிக்கொள்கிற ஒரு பெண் என் கண்ணில் படவே இல்லை. தமிழில் இருந்தால் யாராவது சொல்லுங்கள், உடனே தேடிப் போகிறேன்.

ஆங்கிலத்தில் தேடினால் திரும்பத் திரும்ப இரண்டு பெயர்கள் வருகின்றன: சூ கிராஃப்டன், சாரா பாரெட்ஸ்கி. இரண்டு பேரும் ஏகப்பட்டது எழுதியிருக்கிறார்கள், எதை முதலில் எடுப்பது என்று மலைப்பாக இருக்கிறது. என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்துப் பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கொலையாளியைப் பிடிக்கிற கதை வேண்டாம், அது நிறையப் படித்தாயிற்று. போலீஸ் அதிகாரியும் வேண்டாம், பின்னால் ஒரு டிபார்ட்மென்டே நிற்கும்போது துணிச்சலாக இருப்பதில் என்ன பெரிய விஷயம். காசுக்கு வேலை செய்கிற, மாதம் பிறந்தால் வாடகைக்கு யோசிக்கிற தனியார் துப்பறிவாளர் வேண்டும். கடைசி அத்தியாயத்தில் காதலன் கதவை உடைத்துக்கொண்டு வந்து காப்பாற்றினால் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவேன். உடம்பைத் துண்டு போடும் சீரியல் கில்லர் சமாச்சாரமும் ராத்திரி நேரத்தில் எனக்கு ஒத்துவராது. அப்புறம், வரிசையாகத்தான் படிக்கவேண்டுமா, நடுவில் எங்கேயாவது குதிக்கலாமா?

வார்ஷாவ்ஸ்கி கட்சி:

யோசிக்கவே வேண்டாம், பாரெட்ஸ்கிதான். அவருடைய துப்பறிவாளர் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி. முழுப் பெயர் விக்டோரியா இஃபிஜீனியா, ஆனால் தொழிலில் முதலெழுத்துகள் மட்டும், நெருங்கியவர்களுக்கு விக். ஊர் சிகாகோ, அதிலும் இரும்பு ஆலைகள் இருந்த தெற்குப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பா டோனி போலந்து வம்சாவளிப் போலீஸ்காரர், அம்மா கேப்ரியெல்லா இத்தாலியிலிருந்து அகதியாக வந்த பாடகி. இரண்டு பேரும் கதை தொடங்கும்போதே உயிரோடு இல்லை. அம்மா அங்கிருந்து கொண்டுவந்த சிவப்பு வெனிஸ் கண்ணாடிக் கோப்பைகள் மட்டும் மிச்சம், விக்கின் வீட்டை யாராவது புகுந்து சூறையாடும்போதெல்லாம் அந்தக் கோப்பைகளுக்கு என்ன ஆச்சோ என்று நமக்குத்தான் முதலில் பதறும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு தரும் வக்கீலாக இருந்து, அலுத்துப்போய் வெளியே வந்து, நகர மையத்தில் ஒரு பாடாவதிக் கட்டிடத்தில் ஆபீஸ் போட்டவள். குடிப்பது ஜானி வாக்கர் பிளாக் லேபிள்.

முதல் நாவல் 'இன்டெம்னிட்டி ஒன்லி', 1982. ஒருவர் தன்னைப் பெரிய வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ராத்திரியில் ஆபீஸுக்கு வந்து, மகனின் காதலியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறார். விக் போய்ப் பார்த்தால் அந்தப் பையன் செத்துக் கிடக்கிறான், வந்தவரும் வங்கிக்காரர் இல்லை. அங்கிருந்து ஒரு தொழிற்சங்கம், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, இரண்டுக்கும் நடுவில் பெரிய பித்தலாட்டம் என்று விரியும். பாரெட்ஸ்கி அந்தக் காலத்தில் இன்ஷூரன்ஸ் துறையிலேயே வேலை பார்த்தவர், அதனால் பணம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு நகர்கிறது என்பதை நமக்குப் புரிகிற மாதிரி எழுதியிருப்பார்.

உங்களுக்குச் சீரியல் கில்லர் வேண்டாம் என்றால் இதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது. இதில் கொலை செய்கிறவன் பைத்தியக்காரன் இல்லை, கணக்குப் பார்த்துச் செய்கிறவன். 'டெட்லாக்' (1984) நாவலில் விக்கின் அப்பாவோடு பிறந்தவரின் பையன், ஹாக்கி வீரனாக இருந்தவன், துறைமுகத்தில் கப்பல் விசிறியில் சிக்கிச் சாகிறான். விபத்து என்கிறார்கள். அவள் பெரும் ஏரிகளில் தானியம் ஏற்றிப்போகும் கப்பல் கம்பெனிகளுக்குள் புகுந்து கிளறுகிறாள். 'கில்லிங் ஆர்டர்ஸ்' (1985) ஒரு மடாலயத்துப் பெட்டகத்தில் இருந்த போலிப் பங்குப் பத்திரங்களில் தொடங்குகிறது. 'பிளட் ஷாட்' (1988) ரசாயன ஆலையில் வேலை பார்த்து உடம்பு கெட்டுப்போனவர்களைப் பற்றியது, என் கணக்கில் மொத்தத் தொடரிலும் அதுதான் உச்சம். சிறுவயதில் பக்கத்து வீட்டில் இருந்த பெண் வந்து தன் அப்பா யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்கிறாள், அந்தச் சின்னக் கேள்வியை வைத்து ஒரு பேட்டையின் முழு வரலாற்றையே தோண்டி எடுத்துவிடுவார்.

காதலன் வந்து காப்பாற்றுவது பற்றிக் கவலை வேண்டாம். இவளுக்கு அதிகம் உதவுவது வியன்னாவில் பிறந்த டாக்டர் லாட்டி ஹெர்ஷல் என்கிற வயதான பெண், அவர் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டே திட்டுவார். கீழ்வீட்டுத் தாத்தா கான்ட்ரேராஸும் உண்டு. ஓய்வுபெற்ற தொழிலாளி. இவளுக்கு முன்னால் சண்டைக்குப் போகத் துடிப்பார், அவரைச் சமாளிப்பதே விக்குக்குப் பாதி வேலை.

1991இல் கேத்லீன் டர்னர் நடித்து ஒரு சினிமா வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடை போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஊறுகாய் சாண்ட்விச்:

மேலே சொன்னவர் ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். பாரெட்ஸ்கி பெரிய எழுத்தாளர், மறுப்பே இல்லை. ஆனால் கேள்வி கேட்ட தோழி "வாடகைக்கு யோசிக்கிறவள்" என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்கே கிராஃப்டனின் துப்பறிவாளர் கின்ஸி மில்ஹோன்தான் பதில்.

கின்ஸிக்கு 32 வயது, இரண்டு முறை விவாகரத்து, குழந்தை இல்லை, நாய் பூனை இல்லை, ஒரு செடிகூட வளர்ப்பதில்லை. ஐந்து வயதில் கார் விபத்தில் பெற்றோரை இழந்து ஜின் அத்தையிடம் வளர்ந்தவள். கொஞ்ச காலம் போலீஸ் வேலை, பிடிக்காமல் விட்டுவிட்டாள். குடியிருப்பது ஒரு கார் நிற்கும் கொட்டகையை மாற்றிக் கட்டிய ஒற்றை அறையில். வீட்டுக்காரர் ஹென்றி பிட்ஸ், எண்பதைத் தாண்டிய பழைய பேக்கரிக்காரர். ஆபீஸுக்கு வாடகை கிடையாது, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இடம் கொடுத்திருக்கிறது, பதிலுக்கு அவர்களுக்குச் சந்தேகமான கிளெய்ம்களை விசாரித்துக் கொடுக்கவேண்டும். பின்னால் அந்த ஏற்பாடும் முறிந்துபோய்ப் பெட்டி படுக்கையோடு வேறு இடம் தேடுவாள். தலைமுடியை நகம் வெட்டும் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வாள், எந்த விசேஷத்துக்கும் அதே கறுப்பு உடை, சாப்பாடு வேர்க்கடலை வெண்ணெய் தடவி ஊறுகாய் வைத்த சாண்ட்விச் (நம் ஜாடி ஊறுகாய் இல்லை, அங்கே வினிகரில் போட்டு வைக்கும் வெள்ளரி). என் பெயர்க்காரணம் தெரிந்திருக்கும்.

முதல் நாவல் 'ஏ இஸ் ஃபார் அலிபை', இதுவும் 1982. தலைப்புகள் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசையில் போகும். விவாகரத்து கேஸ்களில் பெயர்போன வக்கீல் ஒருவரை விஷம் வைத்துக் கொன்றதாக அவர் மனைவி எட்டு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருகிறாள். வந்து கின்ஸியிடம், நான் செய்யவில்லை, செய்தது யார் என்று கண்டுபிடி என்கிறாள். எட்டு வருடப் பழைய கேஸ், சாட்சிகள் மறந்துபோயிருப்பார்கள், போலீஸுக்கு அக்கறை இல்லை, இருந்தும் எடுத்துக்கொள்கிறாள், ஏனென்றால் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அந்த விஷம் என்ன தெரியுமா? அரளி. நம் நெடுஞ்சாலை நடுத்திட்டில் வரிசையாகப் பூத்து நிற்குமே, அதே அரளியை அரைத்து அலர்ஜி மாத்திரைக்குள் வைத்துவிடுகிறார்கள். கிராஃப்டன் தன் சொந்த விவாகரத்து நடந்துகொண்டிருந்தபோது முன்னாள் கணவரை எப்படித் தீர்த்துக்கட்டலாம் என்று படுக்கையில் கற்பனை செய்து செய்து, கடைசியில் அதை நாவலாக எழுதிப் பணமாக்கிவிட்டதாக அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நமக்குத் தெரிந்த எத்தனை பேருக்கு இந்த யோசனையைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை.

இன்னொரு விஷயம், தொடர் முழுக்க 1980களிலேயே நிற்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் நடுவில் கின்ஸிக்குச் சில வாரமோ மாதமோதான் கழிகிறது. எழுதியவருக்கு 35 வருடம் ஓடிவிட்டது, அவளுக்கு 32இல் தொடங்கி 39தான் ஆகிறது. அதனால் செல்போன் இல்லை, இணையம் இல்லை. யாரையாவது தேடவேண்டும் என்றால் காரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியே ஆகவேண்டும்.

'ஒய் இஸ் ஃபார் யெஸ்டர்டே' 2017இல் வந்தது, அந்த வருடம் டிசம்பர் 28ஆம் தேதி கிராஃப்டன் இறந்துவிட்டார். இசட் எழுதப்படவே இல்லை. வேறு யாரையும் வைத்து எழுத அவர் சம்மதிக்கமாட்டார் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். சினிமாவுக்கு உரிமை தருவதிலும் உயிரோடு இருந்தவரை அப்படித்தான் பிடிவாதம், ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதிப் பட்டுத் தெரிந்தவர்.

பழுப்புத் தாள்:

இரண்டு கட்சியும் 1982ஐச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அதற்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சு பேசமுடியாது.

1972இல் லண்டனில் பி.டி. ஜேம்ஸ் எழுதிய 'ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன்'. கார்டீலியா கிரேக்கு 22 வயது. பார்ட்னர் பெர்னி பிரைட் தற்கொலை செய்துகொண்டு, நொடித்துப்போன ஏஜென்சியையும் லைசென்ஸ் இல்லாத ஒரு துப்பாக்கியையும் இவள் தலையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். முதல் கேஸ் கேம்பிரிட்ஜில், படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பையன் தூக்கில் தொங்கியதன் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் இது பொம்பளைக்கு ஏற்ற தொழிலா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவளை ஒருவன் கிணற்றில் தூக்கிப் போட்டுவிடுகிறான், முதுகை ஒரு பக்கச் சுவரிலும் காலை எதிர்ப்பக்கச் சுவரிலும் ஊன்றி, அங்குலம் அங்குலமாக மேலே ஏறி வருவாள். காதலன் எவனும் வந்து கயிறு போடுவதில்லை. கேள்வி கேட்டவரின் நிபந்தனைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே வருத்தம், ஜேம்ஸ் இவளை வைத்து எழுதியது மொத்தம் இரண்டு நாவல்தான், இரண்டாவது 1982இல் வந்தது, முதல் நாவல் அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் முதல் அடி எடுத்து வைத்தவர் மார்சியா முல்லர், 1977, 'எட்வின் ஆஃப் தி அயர்ன் ஷூஸ்'. சான் பிரான்சிஸ்கோவில் ஏழை எளியவர்களுக்காக வக்கீல்கள் கூட்டாக நடத்தும் ஒரு அலுவலகத்துக்கு விசாரணை வேலை செய்பவள் ஷேரன் மெக்கோன். பழம்பொருள் கடைக்காரப் பெண் கொலையாகிறாள், எட்வின் என்பது அந்தக் கடையில் நிற்கும் பொம்மை. அடுத்த புத்தகம் வர 5 வருடம் ஆனது, அதற்குள் 1982 வந்துவிட்டது, பெயரைக் கிராஃப்டனும் பாரெட்ஸ்கியும் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் இவர்தான் முன்னோடி.

இது ஏன் அந்தப் பத்து வருடத்தில் மொத்தமாக நடந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1930, 40களின் அமெரிக்கத் துப்பறியும் நாவலை எடுத்துப் பாருங்கள். மழைக்கோட்டு ஆசாமியின் ஆபீஸுக்குள் ஒரு பெண் வருவாள், ஒன்று அவள் பொய் சொல்லும் கிளையன்ட், இல்லை கடைசியில் கொலைகாரி. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருவதற்கு அவளுக்கு நாற்காலியே கிடையாது. பாரெட்ஸ்கி வேண்டுமென்றே அந்த நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார். எழுதியதோடு விடவில்லை, பெண்கள் எழுதும் குற்றக் கதைகளுக்குப் பத்திரிகைகளில் மதிப்புரை வருவதே அபூர்வம் என்பதால் 1986இல் மற்ற எழுத்தாளர்களைக் கூட்டி 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். எத்தனை மதிப்புரை ஆணுக்கு, எத்தனை பெண்ணுக்கு என்று உட்கார்ந்து எண்ணிக் காட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால் நிஜ வாழ்க்கையில் அந்த நாற்காலி ரொம்ப முன்னாலேயே கிடைத்துவிட்டது, அதுவும் இதே சிகாகோவில். 1856இல் கேட் வார்ன் என்ற இளம் விதவை பிங்கர்டன் துப்பறியும் ஏஜென்சிக்குப் போய் வேலை கேட்டார். குமாஸ்தா வேலைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தார் ஆலன் பிங்கர்டன், அவரோ துப்பறிவாளர் வேலைதான் வேண்டும் என்றார். 1861இல் லிங்கன் பதவியேற்க வாஷிங்டன் போகும் வழியில் பால்டிமோரில் கொல்லச் சதி என்று தகவல் வந்தபோது, அவரை ரயிலில் நோயாளி மாதிரி மறைத்துக் கூட்டிப்போன ஏற்பாட்டில் வார்னுக்கும் முக்கியப் பங்கு உண்டு. நாவலாசிரியர்கள்தான் ரொம்பப் பின்தங்கியிருந்தார்கள்.

லாஜிக் பார்ப்பவன்:

எல்லாம் சரி, ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும். எனக்கு இந்த வகையில் பெரிய பிரச்சினை, அடி. வார்ஷாவ்ஸ்கி தலையில் அடிவாங்கி மயங்கி விழுவாள், மறுநாள் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஆண் துப்பறிவாளன் செய்தாலும் அபத்தம்தான், பெண் செய்தால் மட்டும் எப்படிப் புரட்சியாகும்? மழைக்கோட்டைக் கழற்றி இவளுக்கு மாட்டிவிட்டார்கள், மற்றபடி அதே குடி, அதே தனிமை, அதே வாய்த்துடுக்கு. போதாக்குறைக்குப் பாரெட்ஸ்கி பிற்காலத்தில் கதையை நிறுத்திவிட்டு அரசியல் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிடுவார், அவர் சொல்வதில் பெரும்பாலானவற்றை நான் ஒப்புக்கொள்கிறவன்தான், ஆனாலும் அலுக்கிறது.

நிஜத்தில் இந்தத் தொழில் பெரும்பாலும் காகித வேலை. கலிபோர்னியாவில் தனியார் துப்பறிவாளர் லைசென்ஸ் வாங்கவேண்டும் என்றால் 6,000 மணி நேரம் சம்பளத்துக்கு விசாரணை வேலை செய்திருக்கவேண்டும், சட்டப் படிப்பு இருந்தால் அது 4,000, அதற்குப் பிறகு பரீட்சை. நம் நாட்டில் அந்தக் கட்டுப்பாடுகூடக் கிடையாது, 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவே இல்லை. அதனால்தான் நம் நாவல்களில் துப்பறியும் ஏஜென்சி என்றால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு வரையறையே இருக்காது, ஹீரோ போலீஸுக்கே உத்தரவு போடுவான். நிஜம் வேண்டும் என்றால் வால் மெக்டெர்மிட் 1995இல் எழுதிய 'எ சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன்' படியுங்கள். நாவல் இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தத் தொழில் செய்யும் பெண்களை நேரில் பார்த்துப் பேசி எழுதியது. தலைப்பு யாரைச் சீண்டுகிறது என்று மேலே பழுப்புத் தாள் எழுதியதைப் படித்தவர்களுக்குப் புரியும். அவரே மான்செஸ்டரில் நடக்கும் கேட் பிரானிகன் நாவல்களும் எழுதியிருக்கிறார், ஆறு புத்தகம், முதலாவது 1992இல் வந்த 'டெட் பீட்'. கேட் தாய்லாந்துக் குத்துச்சண்டை தெரிந்தவள், ஆனால் அதைவிடக் கம்ப்யூட்டரும் கடன் விவரப் பட்டியலும் அவளுக்கு அதிகம் உதவும். எனக்கு அதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

ஊறுகாய் சாண்ட்விச்:

லாஜிக் சாருக்கு: காகித வேலை வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கின்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! அவள் செய்வது முழுக்க அதுதான். நூலகத்தில் உட்கார்ந்து பழைய டைரக்டரியைப் புரட்டுவாள், முகவரி வாரியாக யார் யார் குடியிருந்தார்கள் என்று அதில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிடித்துவிடலாம். கவுண்டி ஆபீஸில் சொத்துப் பத்திரம், கல்யாணப் பதிவு, நீதிமன்றக் கோப்பு. கிடைத்த ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனி அட்டையில் எழுதி, ராத்திரி அந்த அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பாள், எங்கேயாவது ஒன்று பொருந்தாமல் இடிக்கும். கடைசியில் ரிப்போர்ட்டை டைப் அடித்து, இவ்வளவு மைல் ஓட்டினேன், இவ்வளவு செலவு என்று கிளையன்டுக்குப் பில் போடுவாள்.

அடி விஷயத்திலும் நீங்கள் எல்லாரையும் ஒரே தராசில் போடுகிறீர்கள். 'ஏ' நாவலின் முதல் பக்கத்திலேயே கின்ஸி தான் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டதைச் சொல்லிவிடுகிறாள், அது மனதை அழுத்துகிறது என்கிறாள். அடுத்தடுத்த புத்தகங்களிலும் அது அவளை விடுவதில்லை. ஆண் துப்பறிவாளன் எவன் சுட்டதை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறான்? அவள் ஒன்றும் வீராங்கனை இல்லை, பயந்துகொண்டே பூட்டைத் திறப்பவள். என் கணக்கில் அவள்தான் மன உறுதியுள்ள பெண்.

வார்ஷாவ்ஸ்கி கட்சி:

அரசியல் வகுப்பு என்ற குற்றச்சாட்டைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். மறுநாளே எழுந்துவிடுகிறாள் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். 'பிளட் ஷாட்'டில் அவளைக் கம்பளியில் சுற்றிச் சதுப்பு நிலத்தில் சாகட்டும் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள், அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நடுங்கிப்போகிறாள் என்பதைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

நள்ளிரவு வாசகி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு சண்டை வரும் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் சண்டையில்தான் விஷயம் வருகிறது. ஒரு சின்னச் சந்தேகம். கின்ஸி, விக், ஷேரன் எல்லாருமே தனியாக இருப்பவர்கள். அப்பா அம்மா செத்துப்போயிருப்பார்கள், இல்லை தூரத்தில் இருப்பார்கள். வீட்டில் அம்மா இருந்து, ராத்திரி எங்கே போகிறாய், யார் கூடப் போகிறாய் என்று கேட்கும்போது எவளாவது இந்தத் தொழில் செய்கிறாளா? எனக்கு அந்தக் கஷ்டம்தான் துப்பாக்கியைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

மொட்டைமாடி:

இதற்குத்தான் காத்திருந்தேன். எஸ்.ஜே. ரோசன், லிடியா சின் தொடர். முதல் நாவல் 'சைனா டிரேட்', 1994. லிடியா நியூயார்க் சைனாடவுனில் பிறந்து வளர்ந்த சீனப் பெண், தனியார் துப்பறிவாளர் லைசென்ஸ் கையில், துப்பாக்கி இடுப்பில், ஆனால் குடியிருப்பது அம்மாவோடு. நான்கு அண்ணன்கள் வேறு. அம்மாவுக்கு மகளின் தொழிலும் பிடிக்காது, அவள் அவ்வப்போது சேர்ந்து வேலை செய்யும் பில் ஸ்மித் என்ற வெள்ளைக்காரனையும் பிடிக்காது. கேஸ் என்னவென்றால் ஒரு சின்ன மியூசியத்தில் பீங்கான் பாத்திரங்கள் திருடுபோகின்றன. அதை விசாரிக்கப் போகும் இடமெல்லாம் அம்மாவைத் தெரிந்தவர்கள், இவள் எந்தத் தெருவில் யாரோடு பேசினாள் என்பது இவள் வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவுக்குப் போய்விடும். நம் தெருவில் வளர்ந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

உங்கள் ஜோடிப் பிரச்சினைக்கும் இதில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஒரு புத்தகம் லிடியா சொல்வாள், அடுத்தது பில் சொல்வான், அப்படி மாறி மாறி வரும். அவள் சொல்லும் புத்தகத்தில் கேஸ் அவளுடையது, அவன் உதவிக்கு. அடுத்ததில் தலைகீழ். 'வின்டர் அண்ட் நைட்' (2002) துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருது வாங்கியது, அது பில் சொல்வது, ஆகவே நீங்கள் அங்கே தொடங்கவேண்டாம்.

அம்மாவாக இருந்துகொண்டே துப்பறிகிறவள் வேண்டும் என்றால் வலரி வில்சன் வெஸ்லியின் தமாரா ஹேல். நியூஜெர்சியின் நியூவார்க் நகரம், கறுப்பினப் பெண், பதின்வயது மகனைத் தனியாக வளர்ப்பவள். போலீஸில் இருந்தாள், கூட வேலை பார்த்த போலீஸ்காரர்களே தன் மகனிடம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து வேலையை விட்டாள். 'வென் டெத் கம்ஸ் ஸ்டீலிங்' (1994) நாவலில் முன்னாள் கணவனே கேஸோடு வந்து நிற்கிறான், அவனுக்கு வேறு பெண்களிடம் பிறந்த மகன்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அடுத்தது தன் மகனாக இருக்குமோ என்ற பயத்தில்தான் அவள் அந்தக் கேஸைத் தொடுகிறாள். வாடகைக் கவலை, ஓட்டைக் கார், கரன்ட் பில் எல்லாம் தாராளமாக உண்டு.

பழுப்புத் தாள்:

லிடியா நல்ல தேர்வு. வரிசை பற்றி யாரும் சொல்லவில்லையே. கின்ஸியை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம், கேஸ்கள் தனித்தனி, 'ஏ'யில் தொடங்கினால் மனிதர்கள் பழகுவார்கள். ஆனால் முதல் இரண்டு மூன்றில் கை இன்னும் பழகவில்லை என்பது தெரியும், அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். விக்குக்கு வயதாகிக்கொண்டே போகிறது, 20க்கும் மேல் வந்துவிட்டது, 2024இல்கூட 'பே டர்ட்' வந்தது. அதனால் பின்னால் குதித்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும். கார்டீலியாவுக்கு வரிசைக் கவலையே இல்லை, முதலாவதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

நள்ளிரவு வாசகி:

அப்படியென்றால் கிணற்றுக் காட்சிக்காகக் கார்டீலியா முதலில், பிறகு 'ஏ', பிறகு 'சைனா டிரேட்'. வார்ஷாவ்ஸ்கி கட்சிக்காரர் கோபப்படவேண்டாம், 'பிளட் ஷாட்'டும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தேடிப் பார்த்தால் பழைய புத்தகம் விற்கும் தளத்தில் அதே எழுத்தாளர் பெயரில் 'டாக்சிக் ஷாக்' என்று ஒன்றும் மலிவாகக் கிடக்கிறது. அது எப்படி?

வார்ஷாவ்ஸ்கி கட்சி:

இரண்டும் ஒரே நாவல்தான். அமெரிக்காவில் 'பிளட் ஷாட்', பிரிட்டனில் 'டாக்சிக் ஷாக்'. நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் பிரிட்டன் பதிப்புதான் அதிகம் கண்ணில் படும். மலிவானதை எடுங்கள், தெரியாமல் இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.